லேசாத்தான் அடிக்கும்

இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் முதல் மின் பாதுகாப்பு விதி. இதில் எனக்கு ஒரு சந்தேகம். மின்னலின் வெளிச்சம் உடனே வந்துவிடுகிறது. சத்தமோ விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து பின்னால் வருகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்த மின்னலின் இடி காதுக்கு வர மூன்று விநாடி ஆகும். நாம் அர்ஜுனனைக் கூப்பிடும்போது சம்பவம் நடந்து முடிந்திருக்கும். சரி, அடுத்த மின்னலுக்கு முன்பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முன்பதிவைத் தென்னை மரத்தடியில் நின்றபடி செய்கிறார்களே, அதுதான் புரியவில்லை. இடி காதில் விழுந்தாலே மின்னலுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். வீட்டுக்குள் ஓட வேண்டும்.

வீட்டுக்குள் ஓடினால் அங்கே பெரியம்மாவின் கிரைண்டர் இருக்கிறது.

மன்னார்குடியில் பெரியம்மா வீட்டுக்கு யார் தங்க வந்தாலும் முதலில் அறிமுகப் படலம் நடக்கும். "ஃபிரிட்ஜை வெறுங்காலோட தொறக்காதே. கிரைண்டர் லேசாத்தான் அடிக்கும், ஈரக் கையோட தொட்டா மட்டும் சுள்ளுனு இருக்கும். மோட்டார் சுவிட்சைக் குச்சியால தட்டு." கடிக்கிற நாயை வளர்ப்பவர்கள் 'பழகினா ஒண்ணும் பண்ணாது' என்பார்களே, அதே தொனி. செருப்போடு சமையலறையில் காலெடுத்து வைத்தால் மூன்று தலைமுறையையும் சேர்த்துத் திட்டும் பெரியம்மா, ஃபிரிட்ஜ் பக்கத்தில் கிடக்கும் அந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்.

இத்தனைக்கும் மூல காரணம் மாமா. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். கிரைண்டரின் மூன்று பின் பிளக் அடுப்படியில் இருந்த பழைய இரண்டு ஓட்டை பாயிண்டில் நுழையவில்லை என்றதும், "ரெண்டுலதாண்டா கரண்ட் வருது, மூணாவது சும்மா அழகுக்கு" என்று பச்சை ஒயரை நறுக்கிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டிவிட்டார். அழகுக்கு என்று அவர் சொன்ன எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும்கூட. செருகும்போது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு ஒயர் தேய்ந்து தகட்டைத் தொட்டால், கரண்ட் ஆள் வழியாகப் போகாமல் இந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும். கரியும் உப்பும் போட்டுத் தோண்டிய எர்த் குழி கொல்லையில் இருக்கத்தான் செய்கிறது. அதன் மேல் இப்போது துவைக்கிற கல் நிற்கிறது. ஒருவகையில் நல்லதுதான். எர்த் குழி காயக் கூடாது, நாள் தவறாமல் தண்ணீராவது போகிறது.

மாமாவின் உச்சகட்ட சாதனை பியூஸ். கோடையில் ஏ.சி.யும் மோட்டாரும் சேர்ந்து ஓடி அடிக்கடி பியூஸ் போனது. மாமா ஒரு தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "இனிமே ஜென்மத்துக்கும் போகாது" என்றார். சத்தியமான வாக்கு. பியூஸ் போகவே போகாது. சுவருக்குள் இருக்கிற ஒயர்தான் போகும், கூடவே சுவரும். முதல் ஆளாக உருகித் தொலைவதற்காகவே கட்டுகிற கம்பி அது என்பதை அவரிடம் யார் சொல்வது?

ஒயரை அவர் சோதிக்கும் முறையும் தனி. "உள்ளங்கையால தொட்டா புடிச்சுக்கும், புறங்கையால தொட்டா தட்டிவிட்டுடும்" என்பார். ஷாக் அடித்தால் தசை இறுகும், விரல்கள் மடங்கிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது வாஸ்தவம்தான். பையில் டெஸ்டர் இருக்கும்போது கை எதற்கு, மெயினை அணைத்தால் என்ன என்று கேட்டால் மட்டும் மாமாவுக்குக் கோபம் வரும்.

போன தீபாவளிக்கு வந்த அண்ணன், எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிவந்து வேலையைத் தொடங்கினான். செம்புக் கம்பி போய் எம்.சி.பி. வந்தது. பச்சை ஒயர் மறுபடி சேர்ந்தது. கூடவே ஆர்.சி.சி.பி. என்று ஒரு பெட்டி. எம்.சி.பி. இருக்கும்போது இது வேறு எதற்கு என்றார் பெரியப்பா. நல்ல கேள்விதான். 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளைச் சாய்க்க 0.03 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே போனாலே போதும், அவ்வளவு சின்னக் கணக்கெல்லாம் எம்.சி.பி. கண்ணில் படாது. ஆர்.சி.சி.பி. அப்படியில்லை. ஃபேஸில் போனது அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று மளிகைக்கடை அண்ணாச்சி கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் உதைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிடும்.

அன்று சாயங்காலம் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா மாவு அரைக்க கிரைண்டரைப் போட்டார். வீடே இருட்டாகிவிட்டது. மெயினைப் போட்டுவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டார், மறுபடி இருட்டு. கிரைண்டரில்தான் கோளாறு, பெட்டி அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அண்ணன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விளக்கினான். பெரியம்மா கேட்பதாயில்லை.

"இத்தனை வருஷமா லேசா அடிச்சுக்கிட்டு நல்லாத்தானேடா ஓடிச்சு? கரண்ட் போறதுக்குன்னே காசு குடுத்து மிஷின் வாங்கி மாட்டின குடும்பம் இந்தத் தெருவுலயே நாமதான்டா!"

விஷயம் கேள்விப்பட்டு, அதை பைபாஸ் பண்ணித் தருகிறேன் என்று மாமா ராத்திரியே டெஸ்டரோடு வந்துவிட்டார். வெளியே நல்ல மழை, தொப்பலாக நனைந்திருந்தார். ஏறி நிற்க இரும்பு ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டார்.