டிஸ்க்கைக் காணோம்!

கே: என் 1964 இ-டைப் ஜாகுவாரில் பின் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிஸ்க்கையே காணோம். திருடு போயிருக்குமோ?

ப: ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில் பாருங்கள். கிரவுனின் (டிஃபரன்ஷியலின்) இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்தால் டயர் ரோட்டை விடாது என்பது பாப் நைட் என்ற இன்ஜினியரின் கணக்கு. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் இந்தக் காரைப் பார்த்து வாய் பிளந்தவர்களில் எவரும் அடியில் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கே: டிஸ்க்கைக் கீழே படுத்தபடியே மாற்றிவிட முடியாதா?

ப: பேட் மட்டும் என்றால் மாற்றலாம், கை ஒல்லியாக இருக்க வேண்டும், வாயில் கெட்ட வார்த்தை நிறைய இருக்க வேண்டும். டிஸ்க் அப்படியில்லை. கிரவுனுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சாண்ட்விச் ஆகியிருக்கிறது. ஒழுங்கான வழி, சைலன்ஸர், பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் விடுவித்து, நாலு ரப்பர் மவுண்ட்டைக் கழற்றி, கிரவுனைத் தாங்கும் கூண்டோடு மொத்தத்தையும் இறக்குவதுதான். டிக்கித் தரையில் ஓட்டை போட்டு மேலிருந்து கைவிடும் ஆசாமிகளும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

காலிப்பர் போல்ட்டுகளைக் கம்பி முறுக்கிப் பூட்டியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கம்பியை மறக்காதீர்கள். டிஸ்க்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் மெல்லிய தகடுகள் இருக்கும். ‘ஷிம்’ என்பது அதுதான். அரை மில்லிமீட்டர் தகடு ஒன்று கூடிக் குறைந்தால் சக்கரத்தின் சாய்வு சுமார் கால் டிகிரி மாறிவிடும். இடது, வலது என்று எழுதித் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். டப்பாவில் மொத்தமாகக் கொட்டினால் அப்புறம் ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும்.

கே: டிஸ்க் புதுசு, பேட் புதுசு. பிரேக் மட்டும் வழுக்குகிறதே?

ப: கிரவுனின் ஆயில் சீலை மாற்றவில்லை, சரியா? டிஸ்க்கின் சூடு பக்கத்திலிருக்கும் சீலை வேகவைத்துவிடும். சீல் கசியும், ஆயில் டிஸ்க்கில் வழியும். இறக்கிய கையோடு சீலையும் மாற்றியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. ஆயில் குடித்த பேட்டைத் துடைத்துப் போடாமல் தூக்கி எறியுங்கள்.

கே: பழைய பேட் தூசியை ஏர் பிடித்து ஊதலாமா?

ப: கூடவே கூடாது. அந்தக் காலத்துப் பேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், மாஸ்க்கும் போடுங்கள்.

கே: பேசாமல் டிரம் பிரேக் மாட்டிவிட்டால்?

ப: 1953 லெ மான் பந்தயத்தில் எதிராளிகள் டிரம்மை நம்பி வளைவுக்கு வெகுமுன்பே பெடலை மிதித்துக்கொண்டிருக்க, டன்லப் டிஸ்க் மாட்டிய சி-டைப் ஜாகுவார் ஜெயித்தது. அந்த வம்சத்துக் காருக்கா டிரம்?

கே: வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் காருக்கு அடியில்தான். என்ன செய்ய?

ப: முதலில், காருக்கு ஸ்டாண்ட் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். வெறும் ஜாக்கி என்றால் காலைப் பிடித்து வெளியே இழுங்கள். ஸ்டாண்ட் இருந்தால் விட்டுவிடுங்கள், பிரேக்கில் ஏர் எடுக்கும் நேரம் தானாகக் கூப்பிடுவார். உள்ளே உட்கார்ந்து பெடல் மிதிக்க ஆள் வேண்டுமே.