பதினாலு ஜேர்சியும் ஒரு தோள்மூட்டும்

வீரமுனையில் அந்த வீட்டுக் கொடியில் ஞாயிறு பின்னேரம் காயும் ஜேர்சிகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பதினாலு. எல்லாம் ஒரே ஆளின் அளவு. ஒன்று சம்மாந்துறை, ஒன்று நிந்தவூர், ஒன்று காரைதீவு, ஒன்று நற்பிட்டிமுனை, இரண்டு சாய்ந்தமருது. அந்த இரண்டு கழகமும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்ப்பதில்லை. ஆனாலும் ஒரே கொடியில் பக்கத்துப் பக்கத்தில் கிளிப்புப் போட்டுத் தொங்குகின்றன. முதுகில் ஆளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றில் ஹாட்வெயார் கடை, ஒன்றில் நகைக்கடை, ஒன்றில் 'அன்பளிப்பு' என்று போட்டு ஓர் அரசியல்வாதியின் சிரித்த முகம். வியர்வை மட்டும் இவனுடையது.

ஊரில் இவனைக் 'கூலி போலர்' என்பார்கள், நக்கலாகத்தான். கல்முனைக் கரையில் எந்த மூலையில் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடந்தாலும் முதல்நாள் இரவு போன் வரும். "மச்சான், நாளைக்கு செமி பைனல். கடைசி ஓவர் உனக்குத்தான். வாறியா?" போனால் பெற்றோல் காசு, ஒரு கொத்து, ஒரு சோடா. வென்றால் கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ. தோற்றால் பெற்றோல் காசும் 'நாளைக்குத் தாறன்' ஆகிவிடும். பெயரைச் சொல்ல மாட்டேன். இப்படி ஒருத்தன் இல்லாத ஊர் இந்தக் கரையில் கிடையாது. ஒருவன் பெயரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர் கோபித்துக்கொள்வார்கள்.

இனிக் கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம், விசா வேண்டாம். அங்கே பேஸ்போல் என்றொரு விளையாட்டு. நம் பள்ளிக்கூடங்களில் மூங்கில் தடியால் விளாசும் எல்லேக்குப் பணக்காரச் சொந்தம். அதில் எட்வின் ஜாக்சன் என்று ஒருவர் பந்து எறிந்தார். 2003 இல், தனது இருபதாவது பிறந்தநாளில், மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். அதற்குப் பிறகு ஊர் ஊராக மாற்றினார்கள், விற்றார்கள், வேண்டாம் என்றார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள். 2019 இல் டொரொன்டோ அணிக்கு வந்து சேர்ந்தபோது அது அவருக்குப் பதினாலாவது அணி. அதுவரை யாரும் அத்தனை அணிக்கு ஆடியதில்லை. வென்றது 107, தோற்றது 133. வென்றதைவிடத் தோற்றது கூட. நம் ஊரில் என்றால் 'ராசியில்லாதவன்' என்று தண்ணீர்ப் போத்தல் தூக்க விட்டிருப்பார்கள்.

அங்கே என்ன நடந்தது? 2010 ஜூன் 25 அன்று ஓர் ஆட்டத்தில் எதிரணி ஒரு ஹிட் கூட அடிக்க முடியாமல் எறிந்தார். அன்று அவர் எறிந்த பந்து 149. அந்த 149 உம் எண்ணி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், மேஜர் லீக்கில் 43 நாள் அணிப் பட்டியலில் இருந்துவிட்டாலே ஒருவருக்கு ஓய்வூதிய உரிமை வந்துவிடும். திறமைசாலியா, சோதா ஆளா என்ற கேள்வியே கிடையாது. நாற்பத்து மூன்று நாள்! எங்கள் ஆள் ஒரு நோன்பு மாத இரவுப் போட்டிகளிலும் அடுத்து வரும் பெருநாள் கிண்ணத்திலும் சித்திரை வருசக் கிண்ணத்திலும் நிற்கும் நாளைக் கூட்டினாலே அது தாண்டிவிடும்.

அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்மட்ட லீக்குகளில் எறிகிறவர்களைப் பல காலம் பட்டினி போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று 2018 இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர், அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்! இந்த வித்தையில் நம் ஆட்களுக்கு அவர்கள் அண்ணன்மார். ஆனால் 2022 இல் அந்தப் பையன்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுத்த வருடமே சம்பளம் இரட்டிப்புக்கு மேல் ஏறியது. எங்கள் பையன்கள் சேர்ந்திருப்பது வாட்ஸ்அப் குழுவில் மட்டும்.

'மென்பந்துக்காரன் எல்லாம் ஒரு போலரா?' என்று கொழும்பில் யாராவது கேட்டால் லசித் மாலிங்கவைக் காட்டுங்கள். ரத்கமவில், கரையோரத்தில், மென்பந்தில் கையைச் சுழற்றிப் பழகியவர். பதினேழு வயதுக்குப் பிறகுதான் அவர் கையில் ஒழுங்கான தோல்பந்து வந்தது. காலியில் பழைய வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அவரைப் பார்த்தார், கழகத்தில் சேர்த்தார், அந்தக் கோணல் கையை நிமிர்த்தாமல் விட்டார். 2004 இல் அவர் டெஸ்ட் வீரர். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நாலு பந்தில் நாலு விக்கெட். ரத்கமவிலிருந்து காலி ஏறக்குறைய 12 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில் ஒரு கழகமும் ஒரு புல் விக்கெட்டும் கண் உள்ள ஒரு மனிதனும் இருந்தார்கள். வீரமுனையிலிருந்து கொழும்பு 350 கிலோமீற்றர் வரும், இரவு பஸ்ஸில் ஓர் உறக்கம். வழியில் புல் விக்கெட் வேண்டாம், போன கையோடு பந்து போட்டுக் காட்ட ஒரு வலை கூட எவனும் தரமாட்டான்.

ஒரு மனிதன் போதும் என்பதற்கு மட்டக்களப்பே சாட்சி. அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபை அடிகளார்கள் அங்கே கூடைப்பந்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். வெபர் அடிகளாரின் பெயரில் இன்றும் அங்கே மைதானம் இருக்கிறது. ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல் போனார், இன்றுவரை வரவில்லை. அவர்கள் வர்த்தமானி அடித்துக்கொண்டு வரவில்லை. ஒரு விசிலோடு வந்தார்கள்.

எங்கள் கிரிக்கெட் பெரியவர்களுக்கு வருவோம். இந்தக் கரையில் பிறந்தவனுக்குப் போடியார் என்றால் தெரியும். போடியார் வரம்பில் குடையோடு நிற்பார், வயல்காரன் முழங்கால் சேற்றில் நிற்பான். அநியாயம்தான். ஆனாலும் போடியாருக்கு ஒரு முறை இருந்தது. விதைநெல் கொடுப்பார், பஞ்சத்துக்கு முன்பணம் கொடுப்பார், சூடடித்த அன்று களத்தில் வயல்காரன் பங்கை அளந்து போடுவார். அளக்கும்போது மரைக்காலைக் கொஞ்சம் சாய்த்தாலும் அளப்பார். கிரிக்கெட் போடியார்மார் விதையும் தருவதில்லை, களத்துக்கும் வருவதில்லை, சூட்டை மட்டும் கொண்டுபோகிறார்கள். நாட்டின் கிரிக்கெட் சபைத் தேர்தலில் பல காலம் 140 க்கு மேல் வாக்கு இருந்தது. அவ்வளவு பெரிய இந்தியாவின் சபையில் கூட அத்தனை இல்லை. விக்கெட் இல்லாத ஊருக்கெல்லாம் வாக்கு இருந்தது. வாக்கை நட்டால் விக்கெட் முளைக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த வெள்ளாமை எப்படி விளைந்தது என்பதை 2023 நவம்பர் 2 அன்று மும்பையில் உலகமே பார்த்தது. உலகக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டம், அத்தனை பேரும் அவுட். நாலு நாளில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். மறுநாள் நீதிமன்றம் அந்தக் கலைப்பை நிறுத்தியது. நவம்பர் 9 இல் பாராளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, சபையைப் போகச் சொன்னது. பெற்றோல் வரிசையில் மனிதர் செத்தபோது ஒருமனப்படாத பாராளுமன்றம், 55 ஓட்டத்துக்கு ஒருமனப்பட்டது. அடுத்த நாள் சர்வதேச கிரிக்கெட் பேரவை நாட்டையே இடைநிறுத்தியது. இளையோர் உலகக் கிண்ணம் இங்கிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போனது. மாதம் முடியுமுன் அமைச்சரின் பதவி போனது. 2024 ஜனவரி 28 இல் தடை நீங்கியது. இத்தனை கூத்தில் தங்கள் கதிரையில் அசையாமல் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். அந்த ஸ்டம்பை விழுத்த மாலிங்கவாலும் முடியாது.

கட்டடம் கட்டவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அம்பாந்தோட்டையில், சூரியவெவக் காட்டில், 35,000 பேர் இருக்கும் அரங்கு 2011 உலகக் கிண்ணத்துக்காக எழுந்தது. பிறகு ஆட்டம் குறைந்து கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விட்டதாகச் செய்தி வந்தது. வடக்கில் மண்டைதீவில் சர்வதேச அரங்குக்கு 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அடிக்கல் வைத்தார். நல்லது, எழட்டும். கிழக்குக்கும் ஒரு கல் வரலாம். கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. எங்கள் கரையில் இதுவரை நட்ட அடிக்கல்லை எல்லாம் பொறுக்கி எடுத்தால் நாலு பிட்ச் போடலாம்.

போன வருடம் நான் பார்த்த ஒரு பரிசளிப்பைச் சொல்லவேண்டும். எந்த ஊர் என்பது வேண்டாம். பைனல் நாலரைக்கு முடிந்தது. கடைசி ஓவரில் எட்டு ஓட்டம் எடுக்கவேண்டும், எங்கள் ஆள் மூன்றுதான் கொடுத்தான். பரிசளிப்பு தொடங்கியது மஃரிபுக்குப் பிறகு, பிரதம அதிதி வரவில்லை என்று. அதுவரை இருபத்திரண்டு பேரும் ஈரச் சட்டையோடு புல்லில் குந்தியிருந்தார்கள். மேடையில் பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி, சிறப்பு அதிதி என்று இருபத்தேழு கதிரை. அதிதிகளில் பந்தைக் கையால் தொட்டவர் ஒருவர், அவரும் டொஸ் போட வந்த இடத்தில் பந்தைப் பிடித்துப் படம் எடுத்தவர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவருக்கும் மைக். ஒருவர் சமூக ஒற்றுமை பற்றிப் பேசினார். அடுத்தவர் தான் தலையிட்டதால்தான் மழை பெய்யவில்லை என்கிற மாதிரிப் பேசினார். மூன்றாமவர் இந்த மைதானத்தைச் சர்வதேசத் தரத்துக்கு உயர்த்துவேன் என்றார். அதையே அவர் அதற்கு முந்தின வருடமும் சொன்னார், சட்டை நிறம்தான் வேறு.

எங்கள் ஆளுக்குச் சிறந்த பந்துவீச்சாளர் கேடயம் கிடைத்தது. அறிவிப்பாளர் பெயரைப் பிழையாக வாசித்தார். கேடயத்தில் 'பந்துவிச்சாளர்' என்று அடித்திருந்தது. பிளாஸ்ரிக், அடியில் மாபிள் மாதிரி வர்ணம். வாங்கிக்கொண்டு இறங்கியவனிடம் கழகச் செயலாளர், "தம்பி, கிண்ணத்தோட ஒரு படம் எடுக்கணும், நீ கொஞ்சம் தள்ளி நில்லு, அனுசரணையாளர் நடுவில வரட்டும்" என்றார். தள்ளி நின்றான். அடுத்த நாள் முகநூலில் வந்த படத்தில் அவனுடைய முழங்கை இருந்தது. பந்து போட்ட முழங்கைதான். அதுவரை மகிழ்ச்சி.

ஒரு விசயத்தில் இவனுக்கு நாங்கள் எல்லோரும் கடன். இந்தக் கரையில் எல்லை என்றாலே வழக்கு. கல்முனைப் பிரதேச செயலகம் யாருக்கு என்று எத்தனை வருட இழுபறி. சாய்ந்தமருதுக்கு நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, மை காயுமுன் நின்றது. வீரமுனைக்கும் சம்மாந்துறைக்கும் நடுவில் 1990 ஓகஸ்ட்டின் இரத்தம் கிடக்கிறது, அதை இந்தப் பத்தியின் ஓரத்தில் வைத்து எழுத எனக்கு மனமில்லை. இவன் மட்டும் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஊர் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு போவான். அங்கே காக்காமார் தோளைத் தடவி அனுப்புவார்கள். எந்த ஆணைக்குழுவும் இவனைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஒற்றுமையைப் பற்றிப் பேச மேடையில் இருபத்தேழு பேர் இருக்கும்போது இவன் எதற்கு?

இப்போது தோள்மூட்டு விட்டுப்போய்விட்டது. கிழமை நாளில் அதே தோளில்தான் மருந்துத் தாங்கியைக் கொழுவிக்கொண்டு போடியார் வயலுக்கு அடிக்கிறான். இரவில் மனைவி சித்தாலேப பூசுகிறாள். முறிவு வைத்தியர் மூன்று மாதம் கையை ஆட்டாதே என்றார். மூன்று மாதத்துக்கு யார் சோறு போடுவது என்று அவர் சொல்லவில்லை. எத்தனை விக்கெட் எடுத்திருப்பாய் என்று கேட்டேன். "ஆர் எழுதி வெச்ச கா? ஸ்கோர் கொப்பி கடலை சுத்தப் போயிருக்கும்" என்றான், சிரித்துக்கொண்டு.

சென்ற சனிக்கிழமையும் போனான். இரண்டு ஓவர் போட்டான். கொங்கிரீட் பிட்ச்சில் மேற்கு முனையில் ஒரு வெடிப்பு, நாலு விரல் அகலம். சரியாக அவன் முன்கால் விழும் இடம். ஒவ்வொரு ஓவருக்கு முன்னும் வாய்க்கால் களிமண்ணை உருட்டி அதை அடைப்பான், மிதிப்பான், பிறகுதான் ஓடத் தொடங்குவான். நாலாவது பந்தில் மண் பெயர்ந்துவிடும். கடைசி இரண்டு பந்தும் குழிக்குள்.

பிரதம அதிதி அவர்களே, அடுத்த பைனலுக்கு வரும்போது மாலை வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஒரு மூடை சீமெந்தும் கொஞ்சம் ஆற்று மண்ணும் கொண்டு வாருங்கள். மேற்கு முனை. நேரத்தோடு வந்தால் காய்ந்துவிடும்.