உள்ளே போனது வெளியே வருமா?

கேள்வி: கடைக்காரர் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயத்தை என் மகன் விழுங்கிவிட்டான். தானாக வந்துவிடுமா?
- ஓர் அம்மா, ஈரோடு

பதில்: 'செல்லாது' என்பவர்கள் பட்டியலில் இரைப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! நாணயத்தின் அகலம் 27 மி.மீ. பெரியவர்களுக்கே இரைப்பையின் கீழ்வாசல் 25 மி.மீ.க்கு மேல் எதையும் சுலபத்தில் விடாது. உடனே எக்ஸ்ரே எடுங்கள். உணவுக்குழாயில் நின்றிருந்தால் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பியில் எடுத்தாக வேண்டும். மூச்சுத்திணறினாலோ எச்சில் ஒழுகினாலோ அதுவரைகூடப் பொறுக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிந்தால், மகன் விழுங்கியது நாணயமே இல்லாமல் பட்டன் பேட்டரியாகவும் இருக்கலாம்!

கேள்வி: பேட்டரி என்றால் அவ்வளவு பயமா?
- டி.கே., சேலம்

பதில்: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சுட்டுப் புண்ணாக்கிவிடும். ஒரு வயது தாண்டிய குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமலும் இருந்தால், ஆஸ்பத்திரி போகும் வழியில் 10 நிமிடத்துக்கொரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். தேன் வாங்கக் கடை தேடி அலைய வேண்டாம். பொம்மைக் காந்தமும் சளைத்ததல்ல. ஒன்று போனால் பெரும்பாலும் வந்துவிடும். இரண்டு போனால் காதலர்கள் மாதிரி, நடுவில் குடல் சுவரே நின்றாலும் ஒட்டிக்கொள்ளும். நசுங்கி ஓட்டையாவது சுவர்தான்.

கேள்வி: மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டை போதும் என்பாரே எங்கள் பாட்டி?
- மீன்பிரியன், நாகப்பட்டினம்

பதில்: 'முள் பார்த்துச் சாப்பிடு' என்றும் அவர்தான் சொல்லியிருப்பார். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள்! உருண்டை, முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைக்கலாம். தொண்டையைத் தாண்டி இறங்கிய முள், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் குறுகலான இடத்தில் துளைத்தால், வலி சில நாள் கழித்துத்தான் வரும். பார்ப்பதற்கு அப்பெண்டிசைடிஸ் போலவே இருக்கும். என்றோ தின்ற மீனை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? எக்ஸ்ரே கோட்டைவிடும் முள்ளை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எழுத்தாளர்கள் யாராவது இப்படி மாட்டியதுண்டா?
- இலக்கிய ரசிகை, மதுரை

பதில்: உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன். 1941-இல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் வழியில் வயிற்றுவலியில் துடித்து, பனாமாவின் கோலோன் நகரில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் கிடைத்தது, குடலைத் துளைத்த ஒரு பல்குத்தும் குச்சி! ரிசப்ஷனில் பேபிகார்னைக் குச்சியோடு வாயில் போடுகிறவர்கள் கவனிக்க.

கேள்வி: குழந்தை தங்க மோதிரத்தை விழுங்கிவிட்டது. பேதி மருந்து கொடுத்தால் சீக்கிரம் கிடைக்குமா?
- அவசரக்காரர், கும்பகோணம்

பதில்: பேதி மருந்தும் வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். விழுங்கியவற்றில் நூற்றுக்கு எண்பதாவது தானாக வெளியே வந்துவிடும். சின்ன மோதிரம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டதாக எக்ஸ்ரே சொன்னால் டாக்டர் சொல்கிறபடி காத்திருங்கள். நடுவில் வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி, மலத்தில் ரத்தம் என எது வந்தாலும் ஓடுங்கள். செய்கூலி டாக்டருக்குப் போனால் போகட்டும். சேதாரம் குடலுக்கு வேண்டாம்!