பட்டா அவங்களுது, தடம் நம்மளுது

கேம்பிரிட்ஜ்,
ஜூன் மாசம், ஞாயித்துக்கிழமை பொழுதோட

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

ஆத்தோரமா நடந்துட்டு வந்த போட்டோ அனுப்பிச்சா, பேரன் வளர்ந்துட்டான், பேத்திக்குப் பல்லு விழுந்துருச்சுன்னு நாலு வார்த்தை வரும்னு பார்த்தேன். அம்மா கேட்டது, "ஆத்துல தண்ணி ஓடுதா?" நீங்க கேட்டது, "அது யாரு காடு? கேட்டுட்டுத்தான் எறங்குனீங்களா?" சர்வேயர் வேலையில இருந்து ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் உங்களுக்குப் பேரப்புள்ளைங்களுக்கு முன்னால பூமிதான் கண்ணுல படுது. போன்ல சொன்னா பாதிக்கு மேல அம்மா வாங்கிக்குவாங்க. அதான் எழுதறேன்.

மொதல்ல அம்மாவுக்கு. தண்ணி ஓடுதும்மா, வருஷம் பூரா ஓடுது. அதனாலயோ என்னவோ தண்ணியைப் பார்க்கன்னு இங்க யாரும் பொறப்படறதில்லை. நம்ம ஊர்ல மேக்கால மழை புடிச்சு நொய்யல்ல புதுத்தண்ணி வந்துருச்சுன்னா, அப்பா எங்களை ஸ்கூட்டர்ல முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு ஏத்திட்டு சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குப் பறப்பாரே, அந்தப் பரபரப்பெல்லாம் இங்க கிடையாது. தண்ணி அது பாட்டுக்குப் போகுது, ஜனங்க பக்கத்துல அவங்க பாட்டுக்கு நடக்கறாங்க. குடும்பத்தோட வெளியே போறதுன்னா இங்க அவ்ளோதான். டிக்கெட் கிடையாது. உங்க மாப்பிள்ளைக்கு இந்த நாட்டுல மொதல்ல புடிச்சுப் போனதே அதுதான்.

இனி உங்க கேள்விங்கப்பா. போட்டோவுல தெரியற கோதுமைக் காடு ஒரு குடியானவரோடது. பட்டா அவரு பேர்ல, வெள்ளாமையும் அவரோடது. நடுவால போற தடம் மட்டும் ஊருக்குப் பொது. ஒரு மரப்பலகை, அதுல மஞ்சள் அம்புக்குறி, வேற அடையாளம் இல்லை. காட்டை உழுதா 14 நாளைக்குள்ள அந்தத் தடத்தை அவரே சமன் பண்ணி, ஒரு மீட்டர் அகலத்துக்காவது நடக்கற மாதிரி விட்டுரோணும்னு 1990-ல சட்டமே போட்டுட்டாங்க. பொழியை அரை அடி தள்ளி உழுதாங்கன்னு தாத்தன் போட்ட வழக்கைப் பேரன் நடத்தற சீமையில பொறந்தவ நான். மொத தடவை உள்ள எறங்கறப்ப யாராச்சும் தடியோட வருவாங்கன்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டேதான் நடந்தேன். ஒருத்தரு வந்தாரு, டிராக்டர்ல. கையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

இன்னும் கேளுங்க, உங்களுக்குத் தூக்கம் போயிரும். ஒரு வழியில 20 வருஷம் யாரும் தடுக்காம ஜனங்க நடந்துட்டாங்கன்னா அதைப் பொது வழின்னே எடுத்துக்கறாங்க, 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி. அதுக்குப் பயந்துட்டு சில பூமிக்காரங்க வருஷத்துல ஒரு நாள் கதவைப் பூட்டி வெச்சு, இது எங்க வழி, நாங்களா பார்த்துத்தான் விட்டிருக்கறோம்னு காமிச்சுக்கறாங்க. கவுன்சில் வெச்சிருக்கற வரைபடத்துல ஒரு வழி ஏறிருச்சுன்னா அதுக்கு மேல சாட்சி தேவையில்லை. அப்படி ஏறின வழி இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சேர்ந்து சுமாரா 2,25,000 கிலோமீட்டர். நீங்களும் எஃப்.எம்.பி.ங்கற புல அளவைப் புத்தகத்துல கோடு போட்டு வண்டிப்பாதைன்னு எழுதுனவருதான். இங்க என்னன்னா, வரைபடத்துல இருக்கற பாதை பூமியிலயும் இருக்குது.

சும்மா ஒண்ணும் கிடைச்சுரலை. தென்னாட்டு மான்செஸ்டர்னு பேரு வாங்குன கோயமுத்தூர்க்காரங்க நாம, இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோணும். 1932 ஏப்ரல் 24-ம் தேதி, அசல் மான்செஸ்டர்ல இருந்து தொழிலாளி வீட்டுப் பசங்க நூத்துக்கணக்குல கிளம்பிப் போயி, கிண்டர் ஸ்கவுட்டுங்கற மேட்டுல அத்துமீறி ஏறுனாங்க. பணக்காரங்க பறவை சுடறதுக்குன்னு அடைச்சு வெச்சிருந்த எடம் அது. அஞ்சு பேரு ஜெயிலுக்குப் போனாங்க. 1949-ல பாதைகளைக் காப்பாத்தறதுக்குச் சட்டம் வந்துச்சு. வாரம் பூரா பஞ்சுப் பொதியில கெடந்த நெஞ்சுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாள் காத்து வேணும்னு நம்ம பீளமேட்டு மில்லுக்காரங்களும் ஆசைப்பட்டிருப்பாங்க. ஆனா யாரும் அதுக்காக மலையேறிக் கேக்கலை.

எல்லாம் நல்லாத்தான் இருக்குது, இந்தக் கதவு ஒண்ணைத் தவிர. ஒவ்வொரு பூமிக்கும் ஒரு கதவு. கதவு எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகோணும், அதுதான் விதி. தொறந்திருந்தா தொறந்தபடி, சாத்தியிருந்தா சாத்தி. மாடு தண்ணிக்குப் போகத் தொறந்து வெச்சிருப்பாங்களாம். நல்லது பண்றோம்னு நாம சாத்திட்டா மாடு தவிச்சுப் போயிரும். கேக்கறதுக்குச் சுலுவுதான். ஆனா நம்ம வீட்ல பெரியவன் முன்னால ஓடித் தொறந்துருவான். பின்னால வர்ற நான் பார்க்கறப்ப அது தொறந்த கதவு. "தொறந்துதான் இருந்துச்சா?" "இல்லம்மா, நாந்தான் தொறந்தேன்." "பொய்யி, காத்துல தொறந்துச்சு"ன்னு சின்னவ சாட்சி சொல்லுவா. உடனே அங்க ஒரு பஞ்சாயத்து.

இதுக்கு உங்க மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபுடிச்சாரு. கதவு கண்ணுக்குத் தெரிஞ்சதுமே எல்லாரையும் நிறுத்திட்டு ஒரு போட்டோ எடுக்கறாரு. தாண்டுன பின்னால அதைப் பார்த்துப் பார்த்து, அதே கோணத்துல நிறுத்தறாரு. அவரு போன்ல இப்பப் புள்ளைங்களை விடக் கதவுங்கதான் ஜாஸ்தி. ஒரு எடத்துல கீல் துருப்புடிச்சு, சாத்தவும் முடியாம தொறக்கவும் முடியாம ஒரு கதவு நின்னுச்சு. நான் பக்கவாட்டுல பூந்து போயிரலாம்னு சொன்னேன். அவரு குனிஞ்சு நிமுந்து அளந்துட்டே இருந்தாரு. உங்க பழைய தியோடலைட்டு கையில இருந்திருந்தா ஸ்டாண்டு போட்டிருப்பாரு.

இதுல மரியாதை வேற இருக்குது. பின்னால ஆளு வந்தா அவங்களுக்காகக் கதவைப் புடிச்சுட்டு நிக்கோணும். எவ்வளவு தூரத்துல வந்தா நிக்கோணும்னு எந்தப் பலகையிலயும் போடலை. ரொம்பத் தூரத்துல வயசான புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு வந்தாங்க, இவரு புடிச்சுட்டு நின்னுட்டாரு. இவரு நிக்கறாரேன்னு அவங்க எட்டி நடை போட, பெரியவங்க அவசரப்படறாங்களேன்னு இவரு இன்னும் அகலமாத் தொறந்து புடிக்க, கடைசியில மூச்சு வாங்க வந்து சேர்ந்து, நன்றி சொல்லிட்டு, இடது பக்கமாத் திரும்பிப் போயிட்டாங்க. அவங்களுக்கு அந்தக் கதவுல வேலையே இல்லைங்கப்பா.

இன்னொரு சாதிக் கதவும் இருக்குது. நம்ம வேலியில ஆளு மட்டும் நுழையக் கடவு வெப்போமே, அதையே மரத்துலயும் இரும்புலயும் அரைவட்டமாப் பண்ணி, உள்ளுக்குள்ள ஆடற மாதிரி ஒரு கதவு. உள்ள நுழைஞ்சு, ஓரமா ஒட்டி நின்னு, கதவை அக்கட்டத் தள்ளிட்டு வெளியே வரோணும். மாட்டுக்கு இந்தக் கணக்குப் புரியாதாம். தூக்குப்போசியும் கையுமா நின்ன எனக்கும் சித்த நேரம் புரியலை.

மாடுன்னதும் ஞாபகம் வந்துச்சு. மேய்ச்சல் பூமியில உக்காந்து அரிசிம்பருப்புச் சாதத்தைத் தொறந்ததும் ரெண்டு மூணு மாடு கிட்ட வந்துருச்சுங்க. மாடு தொரத்துச்சுன்னா கையில புடிச்சிருக்கற நாயை விட்டுட்டு ஓடிருங்கன்னு இங்க அறிவுரை சொல்றாங்க. நம்ம கிட்ட நாய் ஏது? "என்னைய விட்டுட்டு ஓடிராதே"ன்னாரு மாப்பிள்ளை. கௌலி பிரவுன் ரோட்ல மாட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கியே ஸ்கூலுக்குப் போனவ நான். நெத்தியில தட்டி அனுப்பிச்சுட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த வெள்ளைக்காரக் குடும்பம் என்னை மரியாதையோட பார்த்துச்சு. அந்த மரியாதைக்கு ஆபீஸ்ல ரெண்டு புரமோஷன் வாங்கோணும்.

வழக்கமா நாங்க போறது கேம் ஆத்தோரமா கிரான்செஸ்டர் வரைக்கும். மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும், பாப்பாவே நடந்துருவா. அங்க ஆப்பிள் தோப்புக்குள்ள ஒரு டீக்கடை. 1897-ல காலேஜ் பசங்க கேட்டாங்கன்னு அந்த வீட்டம்மா தோப்புல டீ குடுக்க ஆரம்பிச்சது. சாய்வு நாற்காலியில பொருளாதார மேதை கீன்ஸும் தத்துவ மேதை ரசலும் உக்காந்திருந்தாங்களாம். டீ நம்ம அன்னபூர்ணா ஓட்டல் காப்பிக்குப் பக்கத்துல வராது, அதை விடுங்க. இந்தக் கேம் ஆத்தை ஒட்டின டிரினிட்டி காலேஜ்லதான் 1914-ல இருந்து நம்ம ஈரோட்ல பொறந்த ராமானுஜன் இருந்தாரு, ரூம்லயே சமைச்சுச் சாப்பிட்டுட்டு. பெரியவனுக்குக் கணக்கு வரலைன்னா நான் அந்தப் பக்கமாக் கையைக் காட்டிருவேன்.

இங்க ஆறெல்லாம் சுத்தம்னும் நெனச்சுராதீங்க. மழை வலுத்தா சாக்கடையும் மழைத்தண்ணியும் ஒரே குழாய்ல நெறஞ்சு ஆத்துலதான் விழுகுது. நல்ல நிலைமையில இருக்கற ஆறு நூத்துக்குப் பதினாலுதான்னு 2020-ல அவங்க சுற்றுச்சூழல் ஏஜென்சியே சொல்லிருச்சு. பாப்பா கால் நனைக்கறேன்னு அழுதா, நான் விடலை. திருப்பூர்ச் சாயத்தண்ணி ஒரத்துப்பாளையம் அணையில தேங்கின கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சொல்லித் தரோணுமா? இவங்களுக்கு நடக்கற தடம் சுத்தமா இருக்குது, ஆறுதான் அழுக்கு. நமக்குத் தடமும் இல்லை, சுத்தமான ஆறும் இல்லை. சோழரு காலத்துல இருந்து அணையும் குளமுமாக் கோத்து வெச்ச நொய்யலுக்கு, நாம பேரூர்ப் படித்துறையில அமாவாசைக்கும் ஆடிப் பதினெட்டுக்கும்தான் போறோம்.

உக்கடம் பெரியகுளத்துலயும் வாலாங்குளத்துலயும் நடைபாதை போட்டுட்டாங்கன்னு அம்மா வீடியோ அனுப்பிச்சாங்க. பார்த்தேன், நல்லாருக்குது. ஆனா குளத்தைச் சுத்தி நடந்தா பொறப்பட்ட எடத்துக்கேதான் வருவோம். ஆத்தோரமா நடந்தாத்தான் வேற ஒரு ஊருக்குப் போயிச் சேரலாம்.

டிசம்பர்ல லீவு போட்டுட்டு வரோம். அதுக்குள்ள ஒரு காரியம் பண்ணுங்கப்பா. உங்க பழைய ஆளுங்க கிட்டச் சொல்லி, பேரூர்ல இருந்து சித்திரைச்சாவடி வரைக்கும் ஆத்தை ஒட்டி வண்டிப்பாதைப் புறம்போக்கு எங்கெங்க வருதுன்னு எஃப்.எம்.பி. பார்த்துக் குறிச்சு வைங்க. ஆக்கிரமிப்பு இருந்தா அதையும் குறிங்க. அம்மா, வெயில்னு சாக்குச் சொல்லாதீங்க, நீங்களும் வரோணும். டி.பி. ரோட்ல போயி லேஸ் வெச்ச ஷூ ஒண்ணு இப்பவே வாங்கிப் போட்டுப் பழகுங்க.

இப்படிக்கு,
உங்க அன்பு மக