நல்ல குப்பைக்கு இங்கே இடமில்லை

அரசுக் கட்டடம் ஒன்றில் தளம் போடும் நாளில் போய் நில்லுங்கள். "இதில் கொஞ்சம் உமிச்சாம்பல் கலக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். உதவிப் பொறியாளர் நெற்றியைச் சுருக்குவார். கான்ட்ராக்டர் சிரிப்பார். மேஸ்திரி மட்டும் வாய் திறந்து, "சாம்பலைக் கொட்டி யாராச்சும் வீடு கட்டுவாங்களா சார்?" என்பார். அப்படிக் கேட்டுக்கொண்டே அவர் பிரித்துக் கொட்டுகிற மூட்டை பி.பி.சி. சிமெண்ட். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். மூட்டையின் மேலேயே அச்சடித்திருக்கிறது. மூட்டையைப் படித்துப் பார்ப்பவர் யார்?

ஆக, சாம்பல் மேல் யாருக்கும் பகை இல்லை. கணக்கோடு வருகிற சாம்பல்தான் ஆகாது.

ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி மிஞ்சும். அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85, 90 சதவீதம் சிலிகா. சூடு 700 டிகிரியைத் தாண்டாமல் எரித்து, மாவாக அரைத்துச் சேர்த்தால், சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு இறுகும். காங்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடும். உப்புக்காற்று அடிக்கிற கடலோரத்தில் உள்ளே இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்காது. இது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டி வைத்தியம் அல்ல. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி 2000-ஆம் ஆண்டிலேயே உமிச்சாம்பலைப் பெயர் சொல்லி அனுமதித்துவிட்டது. கால் நூற்றாண்டு ஆகிறது. சாம்பல் இன்னமும் செங்குன்றத்திலும் ஆரணியிலும் காங்கேயத்திலும் ஆலை வாசலைத் தாண்டவில்லை. தாண்டினாலும் போய்ச் சேருகிற இடம் சாலையோரப் பள்ளம், அல்லது பைக்கில் போகிறவரின் கண்.

கண்டபடி எரித்த கரிச்சாம்பலை அள்ளிக் கொட்டினால் காங்கிரீட் கெடும்தான். நல்ல சாம்பலும் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும். அதனால் சோதிக்க வேண்டும், அளந்து போட வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. சோதனை, அளவு என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே நம் துறைகளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

பொறியியல் கல்லூரிகளைக் குறை சொல்ல முடியாது. உமிச்சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல், தேங்காய்ச் சிரட்டை, உடைத்த ஓடு என்று எதையும் விடாமல் காங்கிரீட்டில் போட்டு, ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் செய்கிறார்கள். முடிவுரையில் 'நல்ல பலன் கிடைத்தது' என்று எழுதுகிறார்கள். பைண்டிங் செய்கிறார்கள். வைவா முடிகிறது. புத்தகம் துறை அலமாரிக்குப் போகிறது. இத்தனை வருடங்களாகச் சேர்ந்த அந்தக் காகிதத்தை எரித்தால் வருகிற சாம்பலுக்கும் ஒரு புராஜெக்ட் போடலாம். நல்ல பலன் கிடைக்கும்.

அடுத்து ரப்பிஷ். பழைய வீட்டை இடித்தால் லோடு லோடாக ஏறுமே, அது. அதை உடைத்துச் சலித்தால் ஜல்லி. ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு தெளிவாகச் சொல்கிறது: பழைய காங்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியை, எம்-25 தரம் வரையிலான கம்பி கட்டிய காங்கிரீட்டில் 20 சதவீதம் வரை போடலாம், கம்பி இல்லாத காங்கிரீட்டில் 25 சதவீதம். அதே 2016-இல் மத்திய அரசு கட்டட இடிபாட்டு விதிகளையும் கொண்டுவந்தது. அரசு, நகராட்சி ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட பொருளை ஒரு குறிப்பிட்ட சதவீதம் கட்டாயம் வாங்க வேண்டும், அது ஒரு 10-20 என்று வைத்துக்கொள்ளலாம் என்றது. சட்டமே 'வைத்துக்கொள்ளலாம்' என்று இழுத்தது. ஒப்பந்தத்தில் இன்னொரு சதவீதம் உண்டு. அதை எந்த விதியும் எழுதவில்லை. அது மட்டும் புள்ளி பிசகாமல் போய்ச் சேருகிறது. 2016 விதி தூங்கி எழுவதற்குள் 2025-இல் புது விதி வந்துவிட்டது. தாலாட்டு மாறியிருக்கிறது.

சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைக்க ஆலைகள் இருக்கின்றன. பெருங்குடிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதி பெற்றது. ஆலைக்குப் போக எடை போட வேண்டும், சீட்டு வாங்க வேண்டும். சதுப்பு நிலத்துக்கு ராத்திரி ஹெட்லைட்டை அணைத்தால் போதும். டிப்பர் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?

இந்தப் பக்கம் ரப்பிஷ் ஏரியை மூடுகிறது. அந்தப் பக்கம் புது ஜல்லிக்காக மலை வெடிக்கிறது. கன்னியாகுமரியிலும் தென்காசியிலும் மலை லாரி ஏறிக் கேரளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மலையை வெட்டிப் பள்ளம், ஏரியை மூடி மேடு. நிர்வாகத்தில் இதற்குப் பெயர் வளர்ச்சி.

நிலக்கரிச் சாம்பலின் கதை இதைவிடக் கொடுமை. அதை முழுக்கப் பயன்படுத்த வேண்டும் என்று 1999-இல் அறிவிக்கை வந்தது. 2003-இல் திருத்தினார்கள். 2009-இல் ஐந்தே வருடம் என்றார்கள். 2016-இல், 2017 டிசம்பர் 31-க்குள் என்றார்கள். 2021-இல் மறுபடி அவகாசம். கெடுவுக்கே வயது வந்துவிட்டது. எண்ணூரில் அனல்மின் நிலையக் குழாய் வெடித்துக் கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலுக்கு மட்டும் யாரும் கெடு கேட்கவில்லை. வலையை இழுத்தால் இறாலுக்குப் பதில் சேறு வருகிறது என்று மீனவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஆற்றில் கலக்க அனுமதி தேவையில்லை. காங்கிரீட்டில் கலக்கத்தான் கமிட்டி வேண்டும்.

"மக்கள் உயிரோடு விளையாட முடியாது, தரம் முக்கியம்" என்கிறார்கள். தரம்! 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்ககத்தில் ஏழைகளுக்கு அரசு கொடுத்த புது வீட்டின் சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு உதிர்ந்தது. குடியிருந்தவர்கள் டி.வி. கேமரா முன்னால் சுரண்டிக் காட்டினார்கள். அதில் உமிச்சாம்பல் கலந்ததாக யாரும் சொல்லவில்லை. ஐ.ஐ.டி. வந்து ஆய்வு செய்தது. தரத்தைக் காப்பாற்ற வேண்டிய துறை, கேமரா வரும்வரை சுவரைத் தொட்டே பார்த்திருக்கவில்லை போலும்.

குப்பை ஏற்கெனவே நம் கட்டடங்களுக்குள் குடியேறிவிட்டது, ஐயா. எம்-சாண்ட் என்று பில் போட்டுக் கிரஷர் டஸ்ட் என்ற கல்தூசி இறங்குகிறது. ஏழு மூட்டை சிமெண்டுக்கு எழுதிவிட்டு ஐந்து மூட்டை போடுகிறார்கள். இதற்கெல்லாம் எந்த வல்லுநர் குழுவும் கூடவில்லை. உரிமம் வாங்கி, சோதித்து, அளந்து போடுகிற குப்பையைக் கண்டால்தான் எல்லோருக்கும் உயிர்பயம் வருகிறது. காரணம் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. வேண்டாம். பொருள் விலை குறைந்தால் எஸ்டிமேட் குறையும். எஸ்டிமேட் குறைந்தால் சதவீதம் குறையும். சதவீதம் குறைந்தால் ஃபைல் நகராது. "அரசு ரேட் ஷெட்யூலில் இது இல்லையே சார்" என்ற ஒரே வரியில் உமி, ரப்பிஷ், சாம்பல் மூன்றும் சமாதி.

கடைசியாக, தரத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டிய க்யூப் டெஸ்ட். தளம் போடும்போது அதே கலவையை எடுத்து 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். அதே கலவை என்பது விதி. சைட்டில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்: க்யூபுக்குத் தனியாக ஒரு சட்டி. அதில் சிமெண்ட் தாராளம், மணல் சுத்தம், ஜல்லி கழுவியது. ஒரு தாய்கூடப் பிள்ளையை அப்படிக் கவனிக்க மாட்டாள். க்யூப் முதல் வகுப்பில் தேறும். கட்டடம் அதன் மார்க் ஷீட்டில் நிற்கும்.

நசுக்கிய க்யூபுகள் ஆய்வகத்தின் பின்பக்கம் குவிந்து கிடக்கின்றன. மறுசுழற்சி ஜல்லிக்கு யாராவது நிஜமாகவே டெண்டர் விட்டால், தயவுசெய்து கட்டடங்களை உடைக்காதீர்கள், ஒன்றும் தேறாது. அந்தக் குவியலில் இருந்து எடுங்கள். எழுதிய அளவுக்குச் சிமெண்ட் போட்டது அதில் மட்டும்தான்.