தீர்ப்பு சீக்கிரம் வந்துவிட்டது

டிவியில் வசனமே தெளிவாக இல்லை என்பது அப்பா கட்சி. அப்பாவுக்குக் காது மந்தம் என்பது அம்மா கட்சி. அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது இரண்டு கட்சியும் ஜெயிக்கும். இந்த வழக்கைத் தீர்க்க வந்ததுதான் சப்டைட்டில். அதைத் தேடி எடுத்துப் படத்தோடு ஒட்டவைக்கும் உத்தியோகம், சம்பளம் இல்லாமல் எனக்கு வந்து சேர்ந்தது.

சப்டைட்டில் கோப்பு ஒன்றும் பெரிய வித்தையில்லை. எஸ்ஆர்டி என்று முடியும். நோட்பேடில் திறந்தால் ஒரு வரிசை எண், வசனம் தோன்ற வேண்டிய நேரம், மறைய வேண்டிய நேரம், கீழே வசனம். அவ்வளவுதான். நேரத்தை மட்டும் மில்லி விநாடி சுத்தமாகக் குறித்திருப்பார்கள். படத்தின் பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் பிளேயர் இரண்டையும் தானே சேர்த்துவைத்துவிடும். பெயர்ப் பொருத்தம் பார்த்ததோடு சரி. மற்றப் பொருத்தமெல்லாம் குடித்தனம் ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

அப்பா ஆசைப்பட்டுக் கேட்டது 1957-இல் பில்லி வைல்டர் எடுத்த ‘விட்னஸ் ஃபார் தி ப்ராசிக்யூஷன்’. அகதா கிறிஸ்டியின் கதை. லேப்டாப்பை டிவியில் சொருகினேன். முதல் சில வரிகளில் உதடும் எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போயின. அப்பா ஒவ்வொரு வரியையும் படித்து, அம்மாவுக்குத் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கோர்ட் காட்சி வந்ததும் கோளாறு பளிச்சென்று தெரிந்தது. வக்கீலாக வரும் சார்லஸ் லாட்டன் மேஜைமேல் மாத்திரைகளை வாய் திறக்காமல் வரிசையாக அடுக்குகிறார். கீழே யாரோ ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“மாத்திரைக்கா இவ்வளவு கோபம்?” என்றார் அம்மா.

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. சினிமா பிலிம் ஓடுவது விநாடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பிய டிவிக்கும் டிவிடிக்கும் 25. அங்கே பெரும்பாலும் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிச் சரிக்கட்டிவிடுவார்கள். 116 நிமிடப் படத்தில் நாலரை நிமிடத்துக்கு மேல் காணாமல் போகும். எங்கள் கோப்பு அந்த அவசரக்காரப் பிரதிக்கு எழுதியது, படமோ நிதானமானது.

விஎல்சி பிளேயரில் ஹெச் எழுத்தைத் தட்டினால் சப்டைட்டில் பின்வாங்கும், ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி. நாலரை நிமிடத்துக்கு 5,400 தட்டு. தட்டி முடித்தாலும் சப்டைட்டில் மறுபடி முன்னால் ஓட ஆரம்பிக்கும். படத்தை நிறுத்தினால் சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் கணக்கை மாற்றி ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். “நிறுத்தாதே” என்றார் அப்பா. ஜட்ஜுக்கே தெரியாத விஷயங்கள் அவருக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்திருந்தன. அந்தப் பதவியை எந்த மனுஷன் விடுவான்?

கடைசியில், யார் குற்றவாளி, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதை அப்பா சத்தமாகப் படித்து முடித்தபோது, திரையில் அந்த ஆட்கள் சாதுவாக நின்றுகொண்டிருந்தார்கள். முடிவை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று படத்தின் கடைசியில் ஒரு குரல் கேட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த வேண்டுகோளும் முடிவுக்கு முன்பே வந்துவிட்டது. அதோடு எழுத்தும் தீர்ந்தது. மிச்சப் படத்தை அப்பா வெறும் காதால் பார்க்க வேண்டியதாயிற்று.

நான் இங்கே முடிவைச் சொல்லப்போவதில்லை. அம்மா அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அத்தைக்குப் போன் போட்டு, “அண்ணி, அந்தப் பொம்பளை இருக்காளே...” என்று ஆரம்பித்துவிட்டார்.