பரண்மேல் அட்டைப்பெட்டி: ஒரு சட்டவியல் ஆய்வு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளின் லாஃப்டை அண்ணாந்து பார்க்கும் ஆய்வாளர் அங்கே மூன்று படிவுகளைக் காண்பார்: அடியில் பித்தளை அண்டா, நடுவில் கொலு பொம்மை, உச்சியில் தெர்மோகோல் சகிதம் காலி மிக்சிப் பெட்டி. முதலிரண்டும் ஏன் அங்கே இருக்கின்றன என்பது விளங்குகிறது. பெட்டி ஏன் என்று கேட்டால், வீட்டுப் பெரியவர்கள், "இருக்கட்டும், மாத்தணும்னா கேப்பான்" என்கிறார்கள். கேட்பவன் யார், எந்தச் சட்டப்படி கேட்கிறான் என்பதே இவ்வாய்வின் பொருள்.

கள ஆய்வு சி.டி.எச். ரோட்டுக் கடை ஒன்றில் நிகழ்ந்தது. பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் ஒரே கடைதான். பட்டாபிராம் அம்மாள் ஒருவர் ஜவுளிக்கடைக் கட்டைப்பையிலிருந்து மிக்சியை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். "வாங்கி பத்து நாள்கூட ஆகலப்பா, போட்டா பொகை வருது." பையன் மிக்சியைத் தொடவில்லை. "பாக்ஸ் எங்கக்கா?" என்றான்.

கவனிக்க: அவன் மிக்சியைக் கவிழ்த்து, அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்க்கவில்லை. தோசை மாவைக் கெட்டியாகப் போட்டு அரைத்து, ஓவர்லோடில் மோட்டார் நின்றுபோனால் அதை எழுப்புவது அந்தப் பொத்தான்தான். புகை வந்தால் அது எழுப்பாது என்பது வேறு விஷயம். ஆனால் மருத்துவர் நாடியாவது பார்க்க வேண்டாமா?

பையனுடையது பெட்டிவாதம். அதற்கு அம்மாள் அசையாதபோது மேனேஜர் வந்து சர்வீஸ் சென்டர்வாதத்தை நிறுவினார்: "நாங்க விக்கிறதோட சரி மேடம், கம்பெனில பேசுங்க." அதுவும் எடுபடாமல் போகவே இறுதியாக வந்தது வோல்டேஜ்வாதம்: "உங்க ஏரியால கரண்ட் சரியில்ல." கடைக்கும் அதே மின்வாரியம்தான் கரண்ட் கொடுக்கிறது. சுவர் முழுக்க டிவி குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வாதங்களுக்கும் மூலநூல் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. இதை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. உரையாசிரியர்கள் எல்லோரும் கடைக்காரர்களே. இதற்கு நேர் எதிரான நூற்பா நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டு 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47): குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். பில் தராமல் விற்பதும் அதே பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே சொல்லப்படுகிறது. அட்டைப்பெட்டி என்ற சொல் அங்கே இல்லை. தெர்மோகோலும் இல்லை. குறையும் கொடுத்த பணமும் மட்டுமே உண்டு. ஆக, பெட்டி கேட்பது கடைவீதி வழக்காறே ஒழிய சட்டம் அல்ல. பொருள் நன்றாக இருந்து, கலர் பிடிக்கவில்லை என்று மாற்றப் போனால் கடைக்காரர் பெட்டி கேட்கட்டும். அது அவர் காட்டும் சலுகை.

இங்கே ஓர் இடைச்செருகல். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கப்பட்டது இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். விலை கொடுத்து வாங்கியவரே நுகர்வோர் என்பது சட்டத்தின் இலக்கணம். எனவே விலையில்லா மிக்சி புகைந்தால் அதன் உடைமையாளர் நுகர்வோர் அல்லர், வாக்காளர் மட்டுமே. அவருக்கான குறைதீர் ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடுகிறது.

விலை கொடுத்தவருக்கு அத்தனை காத்திருப்பு இல்லை. ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதால் அவ்வூர்க்காரர்கள் போக வேண்டியது சென்னைக்கு. கடை பெங்களூரில் இருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த வசதி. 1986 சட்டத்தில் இது கிடையாது. பார்த்தால் தெரியாத குறை என்றால் ஆணையமே மிக்சிக்கு சீல் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும், 45 நாளில் அறிக்கை கேட்கும். அதுவரை சட்னிக்கு அம்மிதான்.

பட்டாபிராம் அம்மாள் அவ்வளவு தூரம் போகவில்லை. "1915-க்குப் போன் போடட்டுமா தம்பி?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார். அது தேசிய நுகர்வோர் உதவி எண். புது மிக்சி வந்தது, பெட்டியோடு.

முடிவு: லாஃப்டில் இடம் வேண்டுமென்றால் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம். பில்லை மட்டும் வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அந்த வழவழக் காகிதத்தில் எழுத்து நாளாவட்டத்தில் மறைந்துவிடும். புகார் கொடுக்கக் கெடு 2 வருடம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை ஆணையத்தில் கட்டணம் கிடையாது.